அட்டவணை இல்லாத வண்டியை அளப்பது

அவையோருக்கு வணக்கம். கென்யாவின் தலைநகர் நைரோபியில் பஸ் என்றால் பெரும்பாலும் மட்டாட்டுதான். 14 பேர் உட்காரும் வேன், இல்லாவிட்டால் 33 பேருக்கான சிறு பஸ். எல்லாம் தனியார் வண்டி. ஆள் நிரம்பினால் கிளம்பும்; அதுதான் அட்டவணை.

அதைத் தாளில் கொண்டுவர 2012இல் நைரோபிப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கொலம்பியா, எம்ஐடி பல்கலைக்கழகங்களும் குரூப்ஷாட் என்ற நிறுவனமும் கைகோத்தன. மாணவர்கள் செல்போனோடு வண்டியேறி 130க்கும் மேற்பட்ட தடங்களைப் பதிந்தார்கள். 2014இல் வரைபடம் வந்தது. ஏறக்குறைய எல்லாத் தடமும் நகர மையத்தில் போய் முடிவது அதில் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்துப் பகுதிக்குப் போகிறவரும் மையத்தில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டியிருக்கிறது.

இனி இப்படித் தடம் பதியும் வேலைக்கு வருவோம். ஜிபிஎஸ் புள்ளியை நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் போதாது. 30 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்தில் 500 மீட்டர் ஓடிவிடும், நடுவில் இருக்கும் திருப்பம் விழாது. 5 விநாடிக்கு ஒன்று என்றால் இடைவெளி 42 மீட்டர்தான். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும்; அதைப் பிறகு சாலை வரைபடத்தோடு ஒட்டித் திருத்த வேண்டும். நெரிசலில் ஓட்டுநர் சந்துக்குள் புகுந்துவிடுவார். அதனால் ஒரே பயணத்தை நம்பித் தடம் வரையாதீர்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, நெரிசல் நேரத்தில் ஒன்றாவது வேண்டும்.

நிறுத்தத்தை அங்கே ‘ஸ்டேஜ்’ என்பார்கள். பலவற்றில் பலகையே இருக்காது. பெயரை நடத்துநர் கூவுகிறபடியே எழுதுங்கள். பயணிக்குத் தெரிந்த பெயர் அதுதான். பலகை உண்டா, நிழற்கூரை உண்டா என்பதைத் தனிக் கட்டத்தில் குறித்தால் போதும்.

வழக்கமாகத் தவறு நடப்பது நேரத்தில். பயணச் செயலிகள் படிக்கும் ஜிடிஎஃப்எஸ் என்ற தரவு வடிவம், வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கும். இல்லாத மணியை இட்டு நிரப்பினால் செயலி பயணியிடம் பொய் சொல்லும். அதில் ‘ஃப்ரீக்வன்ஸீஸ்’ என்ற கோப்பு இருக்கிறது. காலை 6 முதல் 9 வரை 600 விநாடிக்கு ஒரு வண்டி என்று அதில் எழுதலாம். அந்த எண்ணுக்குச் சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணியாக வேண்டும். முனையத்தில் ஆள் நிரம்பக் காத்திருக்கும் நேரத்தைத் தனியே குறியுங்கள். ஓட்ட நேரத்தோடு சேர்த்தால் வண்டி ஆமையாகத் தெரியும்.

இத்தனை செய்தாலும் நடந்து போகிறவர் ஒருவரும் இதில் சிக்கமாட்டார். நைரோபியில் அவர்கள் பெருங்கூட்டம். அதற்கு வீட்டுக் கணக்கெடுப்புதான் வழி. “நேற்று எங்கே பயணம் செய்தீர்கள்?” என்று கேட்டால் கடைக்கு நடந்ததை யாரும் சொல்லமாட்டார்கள். “நேற்று வாசலைத் தாண்டிய ஒவ்வொரு முறையும் எங்கே போனீர்கள்?” என்று கேளுங்கள்.