ஒரு மந்திரம் எட்டாகும் கணக்கு: ஸ்பெல் பாயின்ட் ஹோம்ப்ரூ (நாமளே மாத்துற விதி) உடையுற இடம்

[திரையில்: 1 → 8]

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுல ஒரு 9ம் லெவல் விஸார்ட், அதாவது மந்திரவாதி. அஞ்சாம் நிலை மந்திரம் ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் போட முடியும். "ஸ்லாட் வேண்டாம், பாயின்ட் வெச்சுக்கலாம்"னு ஆட்டத்தை நடத்துற டிஎம் ஒரே ஒரு விதியை மாத்துறார். இப்போ அதே விஸார்ட் அதே நாள்ல எட்டு போடுறார்! புதுசா ஒரு மந்திரம் சேர்க்கல, சேதத்துல ஒரு டைஸ் கூட ஏத்தல. அப்புறம் எப்படி எட்டு?

5ம் பதிப்பு, 2014 விதிகளை வெச்சுப் பேசுறேன். லெவல்னா ஆளோட வளர்ச்சி, நிலைன்னா மந்திரத்தோட பலம். ஸ்லாட்னா ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஒதுக்கீடு, லாங் ரெஸ்ட் (ராத்திரி முழு ஓய்வு) எடுத்தா திரும்ப நிரம்பும். ஷார்ட் ரெஸ்ட்ல (சின்ன ஓய்வு) விஸார்டுக்குக் கொஞ்சம் ஸ்லாட் திரும்பத் தர்ற ஆர்கேன் ரிகவரியை இந்தக் கணக்குல சேர்க்கல. அடிப்படை இவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: 4 × 2 + 3 × 3 + 2 × 5 = 27]

5ம் லெவல் விஸார்டுக்கு முதல் நிலையில 4 ஸ்லாட், ரெண்டாம் நிலையில 3, மூணாம் நிலையில 2. டிஎம் கையேட்டுல ஸ்பெல் பாயின்ட் விலை 2, 3, 5. பெருக்கிக் கூட்டினா 27. கையேடும் 5ம் லெவலுக்குச் சரியா 27தான் கொடுக்குது. பார்க்க நேர்மையான கணக்கு. ஆனா 27ஐ அஞ்சால வகுத்துப் பாருங்க. மூணாம் நிலை நெருப்பு மந்திரமான ஃபயர்பால் அஞ்சு, கையில 2 மிச்சம். ரெண்டு இருந்த இடத்துல அஞ்சு. 9ம் லெவல்ல 57 பாயின்ட், அஞ்சாம் நிலை விலை 7. அதான் அந்த எட்டு. ஆறாம் நிலையும் அதுக்கு மேலயும் ஒவ்வொண்ணும் நாளுக்கு ஒரு தடவைதான்னு கையேடு பூட்டு போட்டிருக்கு. மூணு, நாலு, அஞ்சுக்குப் பூட்டே கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இப்போதான் வருது. சார்சரர்ங்கிற இன்னொரு வகை மந்திரவாதி, தன்னோட தனிப் பாயின்டால ஸ்லாட்டை வாங்கலாம், விக்கலாம். அவருக்கும் ஸ்லாட் வாங்க இதே விலைப்பட்டியல்தான்: 2, 3, 5, 6, 7. அங்கே மட்டும் ஏன் உடையல? விக்கிற விலையைப் பாருங்க. முதல் நிலை ஸ்லாட்டை வித்தா 1 பாயின்ட், திரும்ப வாங்கணும்னா 2. ரெண்டாம் நிலையை வித்தா 2, வாங்க 3. சில்லறையை நோட்டா மாத்தித் தர்ற கடை கமிஷன் எடுத்துக்குது. நாலு முதல் நிலை, மூணு ரெண்டாம் நிலை எல்லாத்தையும் வித்தாலும் 10 பாயின்ட், ரெண்டு ஃபயர்பால். ஸ்பெல் பாயின்ட்ல அதே சில்லறைக்கு மதிப்பு 17, மூணு ஃபயர்பால் போக 2 மிச்சம். அந்தக் கமிஷனை வெச்சவர் எவ்வளவு அழகா யோசிச்சிருக்கார்!

"சரி, ஃபயர்பால் சேதத்தை 8டி6-ல (எட்டு ஆறுமுக டைஸ்) இருந்து 6டி6 ஆக்கிடலாம்"னு நிறைய டிஎம் கிளம்பிடுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். மூணாம் நிலை, பல இலக்குன்னா கையேட்டு அட்டவணையே 6டி6தான் சொல்லுது, ஃபயர்பால் அதைத் தாண்டின விதிவிலக்கு. அதனால உங்க சொந்த மந்திரத்துக்கு அதை அளவுகோலா வைக்கவே கூடாது. ஆனா அதைக் குறைச்சு ஓட்டை அடைபடாது. இன்னொரு மூணாம் நிலை மந்திரமான ஹிப்னாட்டிக் பேட்டர்ன் ஒரு புள்ளி சேதம் கூடத் தராது, பாதி எதிரிகளை நின்ன இடத்துலயே முடக்கிடும். அதை நாளுக்கு அஞ்சு தடவை போட்டா?

பக்கத்துல உக்காந்திருக்கிற ஃபைட்டரையும் (மந்திரம் இல்லாத போர்வீரர்) கணக்குல எடுங்க. 5ம் லெவல், கிரேட்ஸ்வோர்ட் (பெரிய வாள்), ரெண்டு அடி, ஒவ்வொண்ணும் 2டி6+4. 65% பட்டா ரவுண்டுக்குச் சராசரி 14.3. ஃபயர்பால் சராசரி 28. எதிரி 40% தப்பிச்சுப் பாதி வாங்கினாலும் ஆளுக்கு 22.4. நாலு பேர் நின்னா 89.6. இந்த வித்தியாசத்தை ஃபைட்டர் பொறுத்துக்கிறதுக்கு ஒரே காரணம், அது நாளுக்கு ரெண்டு தடவைதான்.

[திரையில்: 5, 10, 15]

நான் சொல்ற மருந்து: மூணாம் நிலையில இருந்து, அதே நிலையை ரெண்டாவது தடவை போட்டா விலை இரட்டிப்பு, மூணாவது தடவை மும்மடங்கு. லாங் ரெஸ்ட் எடுத்தா பழைய விலை. 5ம் லெவல்ல 5 + 10 = 15, அடுத்ததுக்கு 15 வேணும், கையில 12தான். ரெண்டோட நின்னுடும். 9ம் லெவல்ல 7 + 14 + 21 = 42, மூணு அஞ்சாம் நிலை மந்திரம், மிச்சம் 15. பழையபடி ஒண்ணு இல்ல, எட்டும் இல்ல. பாயின்ட் தர்ற சுதந்திரத்துக்கு இந்தக் கூடுதல் போதும்.

அடுத்து ரத்த மந்திரம். ஸ்லாட்டுக்குப் பதிலா நிலைக்கு 1டி6 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) கொடுத்து மந்திரம் போடுறது. கேக்க சூப்பரா இருக்கும். குட்பெர்ரி முதல் நிலை மந்திரம், விலை சராசரி 3.5, மோசமா விழுந்தா 6. அது தர்றது பத்துப் பழம், பழத்துக்கு 1 ஹெச்பி. போட்டு, தின்னு, திரும்பப் போடு! ஒரு பழத்துக்கு ஒரு ஆக்‌ஷன் ஆகும், ஆனா சண்டை இல்லாத நேரத்துல பத்து ஆக்‌ஷன் ஒரு நிமிஷம்தான். மணிக்கணக்குல செஞ்சா குழுவுக்கே முடிவில்லாத உயிர். காயம் ஆத்துற முதல் நிலை மந்திரம் கியூர் வுண்ட்ஸும் 1டி8 + 4, சராசரி 8.5, அதே ஓட்டை. அடைக்க ஒரு வரி போதும்: போற ஹெச்பி உச்ச அளவுல இருந்து குறையணும், லாங் ரெஸ்ட் வரைக்கும் எந்தக் குணப்படுத்தலும் அதைத் திருப்பக்கூடாது. டெம்பரரி ஹெச்பியால (தற்காலிகமா மேல கிடைக்கிற உயிர்ப் புள்ளி) விலை கட்டவும் கூடாது.

டைஸ் போட்டு ஜெயிச்சாத்தான் மந்திரம்ங்கிற விதியா? சுருக்கமா: 75% வாய்ப்புல போட்டு, எதிரி தப்பிக்கிறதுல 60% சறுக்கினா, முழுசா வேலை செய்றது 45%தான். அதே சமயம் ஸ்லாட்டையும் தூக்கிட்டா, பெரிய லெவல்ல முதல் நிலை மந்திரம் தோக்கவே தோக்காது, ரவுண்டுக்கு ஒரு ஷீல்ட் (தற்காப்பு மந்திரம்), ஏசி (அடி படாம தடுக்கிற எண்) +5.

உங்க விதியைச் சோதிக்க ஒரு சண்டை போதாது. 2014 கையேடு நாளுக்கு 6ல இருந்து 8 சண்டை, நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட்னு வெச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கு. ஒரே சண்டையில நாள் முடிஞ்சா எந்தப் பாயின்ட் முறையும் வெடிக்கும். தனியா உக்காந்து ஆறு சண்டை ஓட்டுங்க, லாங் ரெஸ்ட் கிடையாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் மந்திரவாதி செலவழிச்ச பாயின்ட், முடக்கின எதிரி, ஃபைட்டர் கொடுத்த சேதம், மூணையும் எழுதுங்க. நாலாவது சண்டையிலயும் விஸார்ட் உச்ச நிலை மந்திரத்தோடயே ஆரம்பிச்சா, மூணாவது தடவைக்கு மும்மடங்குக்குப் பதிலா நாலு மடங்கு வெச்சு மறுபடி ஓட்டுங்க. உங்க எண்களைக் கமெண்ட்ல போடுங்க, லெவலும் ஒரு நாளைக்கு எத்தனை சண்டைங்கிறதும் சேர்த்து.