பழைய ஆட்டோ கியர் எவ்ளோ உதைக்கணும்?

கேமரா ஆடாம நிக்குதா? நிக்குது, சரி. இன்னைக்கு நம்ம கிழவியப் பத்திதான் பேச்சு, 1990 மெர்சிடிஸ் 230ஈ, 124 பாடி, நாலு ஸ்பீடு ஆட்டோ. போன வீடியோல நம்ம மலேசியாவுல ஈப்போலேர்ந்து தைப்பிங் போனேன்ல, அதப் பாத்துட்டு ஆள் ஆளுக்கு ஒரே கேள்விதான், "அண்ணா, கியர் மாறும்போது உங்க தல லேசா ஆடுதே, கியர்பாக்ஸ் போச்சா?"னு.

போகலப்பா. ஆடணும். கொஞ்சம் ஆடணும்.

இப்ப ஓட்டிக்கிட்டே காட்டுறேன் பாருங்க, லைட்டாதான் மிதிக்கிறேன், ரெண்டுல போகுது... இப்ப! மூணு. முதுகுல ஒரு விரல வச்சு யாரோ தள்ளுன மாதிரி இருந்துச்சா, அவ்ளோதான், இதுதான் சரியான அளவு. காப்பி டம்ளர் வச்சிருந்தா காப்பி அசையும், ஆனா கொட்டாது.

இந்த வண்டிய நான் வாங்குனப்ப இப்படி இல்ல. எப்ப கியர் மாறுதுன்னே தெரியாது, வெண்ண மாதிரி போகும். நானும் பெருமையா எங்க மாமாவ ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போனேன், அவரு முப்பது வருஷம் லாரி போர்மேனா, அதான் மெக்கானிக்கா இருந்தவரு. ஒன்னும் பேசல, கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு, நான் தூங்கிட்டாருனு நெனச்சேன். வீடு வந்ததும் எறங்கி, "டேய் இது ஸ்மூத் இல்ல, வழுக்குது"ன்னாரு. எனக்கு முகமே செத்துப் போச்சு.

என்ன விஷயம்னா, ஆட்டோ பாக்ஸுக்குள்ள கிளட்ச் பிளேட்டு அடுக்கு அடுக்கா எண்ணெய்ல ஊறிக்கிட்டு இருக்கு, கியர் மாறணும்னா எண்ணெய் பிரஷர் அத அமுக்கிப் புடிக்கணும். பிரஷர் கம்மியா இருந்தா மெதுவா புடிக்கும், நமக்கு சுகமா இருக்கும், ஆனா அந்த நேரம் பூரா பிளேட்டு ஒன்னோட ஒன்னு தேஞ்சுக்கிட்டே இருக்கும். தேஞ்சா சூடு, சூடானா லைனிங் கருகும், செவப்பா இருக்க வேண்டிய ஏடிஎஃப், அதான் அந்த ஆட்டோ பாக்ஸ் எண்ணெய், காப்பிக் கலருக்கு வந்து தீஞ்ச வாசம் அடிக்கும். என் வண்டில எண்ணெய் அளவு பாக்குற குச்சி, டிப்ஸ்டிக்க இழுத்து மோந்து பாத்தா அதே வாசம்.

அப்ப புது காரு மட்டும் எப்படி அவ்ளோ சாப்டா மாறுதுன்னு கேப்பீங்க. அதுல கியர் மாறுற அந்த நொடில கம்ப்யூட்டர் இன்ஜின் பவர கொஞ்சம் கொறச்சிடும், அதனால வழுக்காமலே மெத்துனு மாறும். நம்ம கிழவிக்கு அந்த வசதி கெடையாது, இந்த 722.4 பாக்ஸ் முழுக்க எண்ணெய், வால்வு, ஸ்பிரிங்குதான். வண்டி எவ்ளோ வேகம் போகுதுன்னு கவர்னர் சொல்லும், கால் எவ்ளோ அமுக்குதுன்னு திராட்டில்லேர்ந்து வர்ற கேபிள் சொல்லும், இன்ஜினுக்கு எவ்ளோ பாரம்னு வேக்கும் ஓஸ், அதாவது இன்ஜின் காத்த உறிஞ்சுற இழுப்ப பாக்ஸுக்குக் கொண்டு வர்ற சின்ன குழாய், சொல்லும்.

இதுல பாதி பேரு குழம்புறது எங்கன்னா, கியர் *எப்ப* மாறணும்னு பாக்குறது கேபிளு, *எவ்ளோ அழுத்தமா* மாறணும்னு பாக்குறது அந்த ஓஸ் வந்து சேர்ற வேக்கும் மாடுலேட்டரு. லேட்டா மாறுதுன்னு மாடுலேட்டர திருப்புறதும், உதைக்குதுன்னு கேபிள இழுக்குறதும், தலவலிக்கு வயித்துல தைலம் தேய்க்கிற கததான்.

மாடுலேட்டருக்கு ஒரு மூடி இருக்கும், அத கழட்டுனா உள்ள சின்னதா டீ மாதிரி ஒரு சாவி. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரு விக்கிறதுக்கு முன்னாடி எவனோ ஒருத்தன்கிட்ட குடுத்து அந்த சாவிய சாப்ட் பக்கமா நல்லா திருப்பி வச்சிருக்காரு, வாங்குறவனுக்கு சுகமா இருக்கட்டும்னு. வாங்குன மடையன் நான்.

சரின்னு நாங்களே திருப்புனோம், எனக்கு ஆத்திரம் வேற, ஒரே தடவையில ரெண்டு சுத்து. மறுநாள் ஒவ்வொரு கியருக்கும் 'டொம்மு'. பின் சீட்டுல எங்க அம்மா, "ஏன்டா மாட்டு வண்டில ஏத்திட்டு போறியா"னு. அப்புறம் கால் சுத்து, அரை சுத்துன்னு கொறச்சு, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாத்து, இப்ப நீங்க பாக்குற இடத்துல வந்து நின்னுச்சு.

அப்பவும் பிரேக் புடிச்சு நிக்கப் போறப்ப ஒரு 'டக்கு' மட்டும் போகல. நான் பாக்ஸதான் திட்டிக்கிட்டு இருந்தேன். மாமா கீழ படுத்து பாத்துட்டு சிரிக்கிறாரு, கியர்பாக்ஸ் மவுண்டு ரப்பர் தொங்கிப் போச்சு, பாக்ஸ்லேர்ந்து பின் சக்கரத்துக்கு பவர் கொண்டு போற புரொபெல்லர் ஷாப்ட்டுல வர்ற வட்ட ரப்பர் வெடிச்சுப் போய் கெடக்கு. பாக்ஸ் ஒழுங்காதான் புடிக்குது, நடுவுல இருக்குற ரப்பர் செத்துப் போனதால அது நமக்கு அடியா கேக்குது. ரெண்டையும் மாத்துனோம், 'டக்கு' காணாப் போச்சு. இது தெரியாம ஹாப்கட் கடைக்கு, அதான் பழைய காரு சாமான் விக்கிற கடைக்குப் போய் வேற பாக்ஸ் வாங்கிப் போட்டு, ஆயிரக்கணக்குல வெள்ளிய, ரிங்கிட்ட விட்டவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க, அப்பவும் அந்த சத்தம் போயிருக்காது, சாமி சத்தியமா.

திடீர்னு ஒரு நாள் எல்லா கியரும் அடிக்க ஆரம்பிச்சா, மொதல்ல அந்த சின்ன ஓஸப் பாருங்க. வேக்கும் வரலன்னா பாக்ஸ் என்ன நெனச்சுக்கும்னா, இவன் ஃபுல்லா மிதிக்கிறான் போலன்னு எப்பவும் பிரஷர ஏத்தியே வச்சிருக்கும். ஓஸ்ல வெடிச்ச ரப்பர் மூட்டு ஒன்னுதான் காரணமா இருக்கும், அத மாத்துனா முடிஞ்சிச்சு. ஆனா ஏடிஎஃப்பும் கொறஞ்சுக்கிட்டே வருது, கீழ ஒழுகல, சைலன்சர்ல வெள்ளப் புகையும் வருதுன்னா, மாடுலேட்டர் உள்ள இருக்குற டயஃப்ரம்ங்கிற ரப்பர் சவ்வு கிழிஞ்சு, அந்த ஓஸ் வழியா ஏடிஎஃப்ப இன்ஜின் உறிஞ்சுதுன்னு அர்த்தம்.

ஏடிஎஃப் அளவு பாக்குறது, வண்டி நல்லா ஓடி சூடானப்புறம், சம தரையில, கியர பார்க்கிங்ல போட்டு இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான். ஆஃப் பண்ணிட்டுப் பாக்காதீங்க, தப்பா காட்டும். காலைல மொத ரெண்டு மூணு மாத்தம் கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், எண்ணெய் ஆறிப்போய் கெட்டியா இருக்குல்ல, அது பரவால்ல.

இதோ மெனோரா டனல் ஏத்தம் வருது, இப்ப நல்லா மிதிக்கிறேன்... பாத்தீங்களா, இப்ப கொஞ்சம் பலமா தள்ளுச்சு. பாரம் ஏற ஏற அழுத்தமும் ஏறணும். இந்த இடத்துல 'உய்ய்ங்'னு இன்ஜின் மட்டும் மேல ஏறி அப்புறமா கியர் விழுந்துச்சுன்னா பயப்படுங்க. உதைக்கிற பாக்ஸ விட உறுமிட்டுப் புடிக்கிற பாக்ஸுக்குத்தான் நான் பயப்படுவேன். ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போகையில மட்டும் அப்படிப் பண்ணுதுன்னா, மாடுலேட்டரும் சரியா இருக்குன்னா, பாக்ஸுக்குள்ள கே1னு ஒரு கிளட்ச் இருக்கு, அதுக்கு வர்ற ஸ்பிரிங்க மாத்திப் பாக்கலாம், இந்த பாக்ஸுக்கு அது தெரிஞ்ச வைத்தியம். அதுக்கும் மசியலன்னா பாக்ஸ எறக்க வேண்டியதுதான்.

கேபிள் செட்டிங் தனியா காட்டுறேன், அதுக்கு மாமா வரணும், அவருக்கு இப்ப முட்டி வலி. சரி டனல் வந்திருச்சு, சத்தம் கேக்காது, வச்சிடுறேன்.