கேஸ் தீராது: மலைப்பாதையில் கார் ஏசியும் வாரண்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் ஏறத் தொடங்கும்போது ஏசி ஜில்லென்று இருக்கும். இரைச்சல் பாலம் தாண்டி இரண்டு வளைவு திரும்பியதும் வெறும் காற்றுதான் வரும். குமுளியில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஜில்லென்று வீசும். கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கத்துக் கார்க்காரர்கள் கோடையில் சொல்லும் குறைகளில் இது அடிக்கடி வருவது. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு, பூப்பாறை போகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கீழே இறங்கியதும் எல்லோரும் செய்கிற காரியமும் ஒன்றுதான். "கேஸ் கம்மியா இருக்கும்ணே, கொஞ்சம் ஏத்தி விடுங்க." காசும் வாரண்டியும் கையை விட்டுப் போவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. சிறிய காரில் ஏறக்குறைய 400 முதல் 550 கிராம் இருக்கும். உங்கள் வண்டிக்கு எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் ஆர்-134ஏ, சில புது மாடல்களில் ஆர்-1234ஒய்எஃப். ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசியும், அது இயல்பு. ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியில் ஒருமுறை குறைந்தால் கவலைப்பட வேண்டாம். வாங்கி ஒன்றரை வருடமே ஆன வண்டியில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது அடியில் துளை விழுந்த குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

சரி, மலையில் மட்டும் ஏன் நிற்கிறது? காரின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். கிரில்லுக்குப் பின்னால் முதலில் இருப்பது, கேஸின் சூட்டை வெளியே விடும் ஏசி கண்டென்சர். அதற்கு ஒட்டினாற்போல் பின்னால் ரேடியேட்டர். கண்டென்சர் கக்கும் சூட்டுக் காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று இரண்டையும் ஆற்றிவிடும். மலையில் முதல் கியர், இரண்டாம் கியரில் 20 கிலோமீட்டர் வேகம்தான். எதிர்க்காற்று கிடையாது, இன்ஜினுக்கோ முழுச் சுமை. பாரம் முழுக்க ஃபேன் தலையில் விழுகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு ஒரு அளவைத் தாண்டினால், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் தானாகவே ஏசி கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஆக, மேலே ஏறும்போது மட்டும் ஏசி நிற்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் கூலிங். ஏசியைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. 800, 1000 சிசி வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் சில விநாடி ஏசி நின்று மறுபடி வரும். இழுவைக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அது பழுது இல்லை, அதற்கு வாரண்டி கேட்டு வாதாட வேண்டாம்.

கூலன்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் கெடுவது இங்கேதான். தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். குமுளி உயரத்தில் 97 டிகிரிக்கே கொதித்துவிடும். இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 85 முதல் 100 டிகிரிக்குள்! அப்படியானால் எப்படிக் கொதிக்காமல் இருக்கிறது? இரண்டு காரணம். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்திருப்பது ஒன்று. ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது இன்னொன்று. இந்த இரண்டும் சரியாக இருந்தால் 125 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, மலையில் கொதித்து ரிசர்வாயர் வழியாக வெளியே கொட்டும். சில நூறு ரூபாய் மூடிக்காக ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. மூடி மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எண் போட்டிருக்கும். மாற்றும்போது அதே எண் கேட்டு வாங்குங்கள்.

போர் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேன் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, டீ போடும் பாத்திரத்தின் அடியில் படிவது போலவே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. ரெடிமிக்ஸ் என்று எழுதிய கூலன்ட்டில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள், கான்சன்ட்ரேட் என்றால் மட்டுமே சேர்க்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு வேறு ரகத்தைக் கலந்தால் உள்ளே கூழாகிக் குழாய் அடைக்கலாம். வாரண்டிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வாட்டர் பம்ப்போ ஹெட் கேஸ்கெட்டோ போய், கழற்றும்போது உள்ளே துருவும் சுண்ணாம்பும் இருந்தால், "வெளித் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள்" என்று கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. கூலன்ட் வாங்கிய பில்லை சர்வீஸ் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருங்கள்.

இன்னொன்று, வைக்கோல் தூசி. கம்பம் பள்ளத்தாக்கில் அறுப்புக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், தூசும் பதரும் பறக்கும். அது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் போய்ப் பாய் விரித்தது போல அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும், நடுவில் தான் அடைப்பு. பிரஷர் வாஷரை நேராக அடித்தால் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். இன்ஜின் ஆறிய பிறகு, தோட்டத்து ஹோஸில் வரும் சாதாரணத் தண்ணீரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக விடுவது போதும். கல்லடிக்குப் பயந்து கிரில்லில் கொசுவலை கட்டுகிறவர்கள் கல்லைத் தடுக்கிறார்கள், கூடவே காற்றையும் தடுக்கிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பெரிய கண் உள்ள கம்பி வலை.

மலையில் டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது இது. ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே உட்கார முடியாது, ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். ஓரம் கட்டுங்கள். ஆவி வரவில்லை, முன்னால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடலாம். ஆவி வந்தாலோ, விளக்கு அணையாவிட்டாலோ உடனே ஆஃப். குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, தடித்த துணி போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டத்தில் மலைப்பாதையில் ஊர்ந்து போகும்போதும் இதே நிலைதான், வெயில் இல்லாவிட்டாலும். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிப் போனால், மூலப் பழுது வாரண்டிக்குள் இருந்தாலும், அதனால் வந்த பெரிய சேதத்தை உங்கள் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது ஏசிக்கு வருவோம். "ஏசி வேலை செய்யல" என்று சொல்வதில் பயன் இல்லை. கேரளத்துக் கட்டப்பனையில் விட்டால் "தணுப்பில்ல" (குளிர் இல்லை) என்று எழுதிக்கொள்வார்கள், தேனியில் விட்டால் "ஏசி நாட் கூலிங்" என்று எழுதுவார்கள். மாலையில் "செக் பண்ணினோம், ஓகே" என்று வண்டி திரும்பி வரும். அதிகாலையில், ஆள் இல்லாத வண்டியில் பார்த்தால் எந்த ஏசியும் ஓகேதான். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, ஏசி முழுக் குளிர்ச்சி, ரீசர்குலேஷன், ப்ளோயர் இரண்டாம் நிலை, கண்ணாடி மூடி, 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம். நடு வென்ட்டில் தெர்மாமீட்டரை வையுங்கள். 5 முதல் 10 டிகிரி வந்தால் நல்ல ஏசி. மே மாத மதியத்தில் 12 வரை பொறுக்கலாம். 18, 20 என்றால் பழுது. அதை போட்டோ எடுங்கள்.

அதன் பிறகு எப்போது கெடுகிறது என்று கவனியுங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடானால் கண்டென்சர் ஃபேன் அல்லது அதன் ரிலே. அரை மணி ஓடிய பிறகு காற்றே குறைந்து, நிறுத்தி வைத்தால் சரியாகிறதா? டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. சென்சரையோ கேஸ் அளவையோ பார்க்க வேண்டும். ப்ளோயர் நாலாம் நிலையில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் போயிருக்கிறது, கேஸுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கம்ப்ரசர் கிளட்ச் சில விநாடிக்கு ஒருமுறை டக், டக்கென்று விழுந்து எழுந்தால் கேஸ் குறைவு. காற்று எப்போதுமே மந்தமாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

கேஸ் குறைவுதான் என்று ஆனால், ஓட்டை எங்கே என்று சொல்லாமல் யாரும் கேஸ் ஏற்றக் கூடாது. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோப்பு நுரை வைத்துப் பார்க்கலாம், அல்லது சாயம் கலந்து யூவி விளக்கில் பார்க்கலாம். டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயில் ஓட்டை இப்படிக் கண்ணில் படாது. வென்ட்டில் டிடெக்டர் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சரிசெய்த பின் குறைந்தது அரை மணி வேக்யூம் போட்டு, தராசில் நிறுத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்கே ஏற்ற வேண்டும். "கை வச்சுப் பார்த்து ஏத்திட்டேன்" என்பது கணக்கில்லை. அளவுக்கு மேல் ஏற்றினாலும் குளிர் குறையும், கம்ப்ரசரும் கெடும். மலிவு கேஸில் எரிவாயு கலந்து வருவதும் உண்டு. அப்படி ஏற்றிய வண்டியில் தீ ஆபத்து இருக்கிறது, கம்பெனி சர்வீஸிலும் அதைத் தொட மாட்டார்கள்.

வாரண்டிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் மட்டும் படியுங்கள்: எது சேராது என்ற பக்கம், எக்ஸ்டெண்டட் வாரண்டியில் எது சேராது என்ற பக்கம். கேஸ், கூலன்ட், ஃபில்டர், பெல்ட் எல்லாம் பொதுவாகத் தேய்மானப் பொருள் கணக்கில் வெளியே நிற்கும். கம்ப்ரசர், கூலிங் காயில் உள்ளே இருக்கும். கேஸ் ஏற்றிய பில்லை நீங்கள் கட்டினால், கணக்கில் பதிவது தேய்மானப் பொருள் வாங்கியதாகத்தான். காயிலில் ஓட்டை என்ற குறை எங்கேயும் பதிவாகாது. காயில் மாற்றும் வேலையாக எழுதினால், அதோடு சேரும் கேஸும் வாரண்டியிலேயே வருமா என்று அதே ஜாப் கார்டில், அதாவது சர்வீஸில் குறையை எழுதும் தாளில், கேட்கலாம். கல்லடி பட்ட கண்டென்சரும் எலி கடித்த ஹோஸும் வாரண்டியில் வராது. கல்லடிக்கு இன்ஷூரன்ஸ் கேட்கலாம், ஆனால் 1500 சிசிக்குள் உள்ள காரில் 1000 ரூபாய் கட்டாயம் நம் பங்கு, அடுத்த வருட நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்குத் தரும் பிரீமியம் தள்ளுபடி) போகும். சின்னத் தொகைக்குக் கேட்பது வீண். ஃபேனை நேரடி சுவிட்சில் இழுத்து விடுவது, வயரை வெட்டி எக்ஸ்ட்ரா விளக்கு போடுவது இரண்டும் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு நாமே கொடுக்கும் காரணம்.

ஜாப் கார்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வெளி வெப்பம் 37, வென்ட் 19 டிகிரி, மலை ஏறி 15 நிமிடத்தில்." மலையில் வருகிற குறை என்றால் சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். வரமாட்டேன் என்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பக் கொடுக்கும்போது லோ பிரஷர், ஹை பிரஷர் எத்தனை, எத்தனை கிராம் எடுத்தார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். 500 கிராம் வண்டியில் 320 கிராம்தான் வெளியே வந்தது என்ற ஒரு வரி, கசிவு இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

இத்தனைக்கும் பிறகு சரிசெய்து தராவிட்டால், கோட்டயத்தில் வாங்கிய வண்டிக்கு வழக்குப் போடக் கோட்டயம்தான் போக வேண்டுமா என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கூடலூரில் வீடு என்றால் தேனி, குமுளியில் வீடு என்றால் இடுக்கி. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், சில பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் புது கார் கேட்டுப் போகாதீர்கள். வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றிக் கொடுக்கும் வாக்குறுதிதான் என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாகம், கூலி, கேஸ், அலைந்த செலவு என்று கேட்டால் நிற்கும்.

கடைசியாகத் தேதி விஷயம். உங்கள் வாரண்டி ஜனவரியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் கம்பத்திலேயே கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவீர்கள், ஏசி குறை தெரியவே தெரியாது. தெரிவது ஏப்ரலில், வாரண்டி போய் மூன்று மாதம் ஆன பிறகு. அதனால் தெர்மாமீட்டர் சோதனையை வாரண்டி முடிவதற்கு முந்தைய மே மாதத்திலேயே செய்து, குறை இருந்தால் அப்போதே ஜாப் கார்டு போட்டுவிடுங்கள். வணக்கம்.