ஊர்ப் புத்தகக் கடையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கும்பகோணத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

'வாசகரை வளர்ப்பது ஊர்ப் புத்தகக் கடையா, இணைய அங்காடியா?' என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய அம்மையார் மூன்று கணைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இணையத்தில் விலை குறைவு. கேட்ட புத்தகம் கிடைக்கிறது. கோடியக்கரையில் இருப்பவருக்கும் வீடு தேடி வருகிறது. அழகாகப் பேசினார், நீங்களும் தாராளமாகக் கைதட்டினீர்கள். ஒரு சின்னக் குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். அந்தக் குறிப்பேட்டை வாங்க நிச்சயமாக இணையத்துக்குப் போயிருக்க மாட்டார்.

கேட்ட புத்தகம் கிடைக்கிறது என்றாரே, அங்கிருந்தே தொடங்குகிறேன். கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது, நடுவர் அவர்களே. என்ன கேட்பது என்றே தெரியாதவர் என்ன செய்வார்?

ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா, குறுவை வைக்கலாமா என்ற கவலையில் அப்பா இருப்பார். அதே மாதம் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். விதைநெல்லுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் ஒரே மூச்சில் பணம் புரட்டுவது டெல்டாக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் நம் கடைகளில் நிற்க இடமிருக்காது. முன்னால் வழிகாட்டி நூல்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள். மேலே கயிற்றில் பஞ்சாங்கமும் கந்தர் சஷ்டி கவசமும். பில் போட நேரமாகும். கூட வந்த பையன் சும்மா நிற்பானா? உள்ளே இருக்கும் மர அலமாரியில் கை வைப்பான். ஒரு சிறுகதைத் தொகுப்பை உருவுவான். சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு, நின்ற நிலையிலேயே நாலைந்து பக்கம் படித்துவிடுவான். பிறகு, "அப்பா, இதையும்..." என்று இழுப்பான். அப்பா பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்ப்பார், முகம் சுருங்கும். கடைக்காரர் கணக்கு எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "எடுத்துக்கொண்டு போகட்டும், அறுவடை முடிந்து கொடுங்கள்" என்பார்.

நடுவர் அவர்களே, இப்படித்தான் ஒரு வாசகர் உருவாகிறார். கைபேசியில் இது நடக்குமா? பத்தாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டியைத் தேடினால், அதற்குக் கீழே இன்னும் ஆறு கணக்கு வழிகாட்டிகளைக் காட்டும். பையன் கணக்கில் தேறிவிடுவான், மறுப்பதற்கில்லை. கதை அவன் கண்ணில் படாது.

இன்னொரு வகை வாசகரும் உண்டு. "தலைப்பு மறந்துபோய்விட்டது தம்பி, குடமுருட்டிக் கரையில் நடக்கிற கதை, பச்சை அட்டை" என்று வந்து நிற்பார் ஒரு பெரியவர். பழைய கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, ஏணியில் ஏறிப் புத்தகத்தை எடுத்துத் தருவார். எதிரணி நண்பர்கள் இதை இணையத்தில் தேடிப் பார்க்கட்டும். பச்சை அட்டை நூறு தாள் கொண்ட கட்டாக வீட்டுக்கு வந்து சேரும்!

இன்னும் ஒன்று. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தம் ஊர் வரலாற்றை எழுதி, கைக்காசு போட்டு முந்நூறு பிரதி அச்சிடுகிறார். பதிப்பகம் கிடையாது, விளம்பரம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். பத்துப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே போவார்? கடைக்காரர்தான் வாங்கி வைத்து, "விற்றதும் பணம் தருகிறேன்" என்பார். எந்தக் கோயிலின் தெப்பக்குளம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது, எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது என்பதெல்லாம் இப்படிப்பட்ட மெலிந்த புத்தகங்களில்தான் இருக்கிறது.

இப்போது விலை. நூறு ரூபாய்ப் புத்தகத்துக்குத் தமிழ்ப் பதிப்பகங்கள் கடைக்காரருக்கு விட்டுக்கொடுக்கும் விற்பனைக் கழிவு பெரும்பாலும் 30 ரூபாய்க்கு முன்பின்னாக இருக்கும். அதற்குள்தான் வாடகை, மின்கட்டணம், வேலையாள் சம்பளம், பார்சல் கூலி, அட்டை மடிந்து விற்காமல் போவதன் நட்டம் எல்லாம். இணைய அங்காடி அந்த 30 ரூபாயையே தள்ளுபடியாகத் தூக்கிக் கொடுக்கிறது. எப்படிக் கட்டுப்படியாகும்? புத்தகத்தில் விட்டதை வேறு சரக்கில் பிடித்துக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. 1995இல் அமேசான் புத்தக விற்பனையில்தான் தொடங்கியது. 2007இல் ஃபிளிப்கார்ட்டும் அப்படித்தான். இன்று அவர்கள் கடையில் புத்தகம் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

வீடு தேடி வருகிறது என்றீர்கள். உலகம் முழுவதும் அஞ்சல் கட்டணமே இல்லாமல் புத்தகம் அனுப்பிய பிரிட்டிஷ் இணையக் கடை ஒன்று இருந்தது. புக் டெபாசிட்டரி என்று பெயர். 2011இல் அதை அமேசான் வாங்கியது. 2023 ஏப்ரலில் மூடிவிட்டது. நம் நாட்டு வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தையும் அதே நிறுவனம் வாங்கி, 2022 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தது. கணக்கு ஒத்துவராவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்துகிறவர் முகம்கூட நமக்குத் தெரியாது.

பிரான்ஸ் இதை முன்பே யோசித்தது. எவரும் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று 1981இல் சட்டம் செய்தது. 2023 முதல், 35 யூரோவுக்குக் குறைவான இணைய ஆர்டர்களுக்கு 3 யூரோவாவது அனுப்புக் கட்டணம் வாங்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆகவே தீர்ப்பு நம் சட்டைப் பையில் இருக்கிறது.

கோடியக்கரைக்காரருக்கு என்ன பதில்? நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். பார்சலைக் கையில் வாங்கும்போது தபால்காரரிடம் பணம் கட்டுகிற வி.பி.பி. காலத்திலிருந்தே நம் கடைக்காரர்கள் வெளியூருக்குப் புத்தகம் அனுப்பியவர்கள். இன்றைக்கும் தொலைபேசியில் சொன்னால் வாட்ஸ்அப்பில் அட்டைப் படம் வருகிறது. பணம் அனுப்பினால் பஸ்ஸில் பார்சல் ஏறிவிடுகிறது. நாம்தான் அவரைக் கூப்பிடுவதில்லை.

'இயந்திரத்துக்குப் பயந்தவர்கள்' என்று எங்கள் அணியைக் கேலி செய்தார் எதிரணித் தலைவர். தரங்கம்பாடியில் 1715இலேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டதே என்று கேட்டார். ஐயா, அந்த அச்சு இயந்திரம் தரங்கம்பாடிக்கே வந்து இறங்கியது. காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாற்றிலேயே ஆலை வைத்தார்கள். இயந்திரம் ஊருக்குள் வந்தது. ஊர்ப் பணம் வெளியே போகவில்லை. அப்படி வரட்டும், ஆரத்தி எடுக்கிறோம்!

இந்த ஊர்க் கல்லூரியில் 1880இல் வேலைக்குச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சுச் செலவுக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? தமிழன்பர்களிடம் போய், புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். அதைத்தான் நானும் கேட்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் எவர்சில்வர் கிண்ணம் கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்துக்குப் புத்தகம் வேண்டும் என்று உள்ளூர்க் கடையில் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவையுங்கள். எதிரணித் தலைவர் வீட்டில் தை மாதம் கல்யாணம் என்று கேள்வி. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு புத்தகமும் வைக்கலாமே! எத்தனை பிரதி என்று இந்த மேடையிலேயே சொன்னால், கடைக்காரர் நாளைக்கே பதிப்பகத்துக்குச் சொல்லிவிடுவார். அவர் நான்காவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.