உப்பில் விழுந்த செல் தன் மரபணுக்களை எப்படிக் கையாள்கிறது?

(திரையில்: நுண்ணோக்கியின் கீழ் முட்டை வடிவ ஈஸ்ட் செல்கள்.)

இப்போது நீங்கள் பார்ப்பது ஈஸ்ட். சத்தும் தண்ணீரும் போதுமான அளவு இருக்கின்றன, நிம்மதியாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. இதில் லிட்டருக்குச் சுமார் 23 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு, கலந்துவிடுவோம். கடல்நீரில் இருப்பதைவிடக் குறைவுதான். ஆனாலும் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, செல் சுருங்கிவிட்டது.

வெளியே உப்பு கூடியதால் உள்ளே இருந்த தண்ணீர் சவ்வைத் தாண்டி ஓடிவிட்டது. பள்ளியில் படித்த அதே சவ்வூடு பரவல். இதற்குப் பிறகு நடப்பதைப் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும்: தேவையான மரபணுக்களை இயக்கிச் செல் தன்னைக் காத்துக்கொள்கிறது. தப்பில்லை, ஆனால் பாதிக் கதைதான். மரபணுவை இயக்குவது இதில் நிதானமாக நடக்கிற வேலை. இயக்கியதைச் சரியான நேரத்தில் நிறுத்தவில்லை என்றால், உப்பிடமிருந்து தப்பித்த செல் தன் கையாலேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, உப்பு கூடியது செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

(திரையில்: சவ்வில் பதிந்த ஒரு புரதம், அதிலிருந்து நகரும் பாஸ்பேட் புள்ளிகள்.)

சவ்வில் எஸ்எல்என்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. செல் விறைப்பாக இருக்கும்வரை அது பாஸ்பேட் என்ற சின்ன வேதித் துணுக்கை அடுத்த புரதத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அது இன்னொன்றுக்குக் கொடுக்கும், கடைசியில் வாங்கிக்கொள்ளும் எஸ்எஸ்கே1 அதனாலேயே அடங்கிக் கிடக்கும். செல் தளர்ந்ததும் இந்தக் கைமாற்றம் நின்றுபோகிறது, எஸ்எஸ்கே1 விழித்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் நின்றதும் நமக்குத் தூக்கம் கலைகிறதே, அந்த மாதிரி. அங்கிருந்து இரண்டு மூன்று கைனேஸ்கள், அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள், வழியாகத் தகவல் ஹாக்1 என்ற புரதத்துக்குப் போகிறது. 1993-இல் அறிவிக்கப்பட்ட இந்த ஹாக்1தான் இன்றைய நாயகன்.

உடனே ஹாக்1 மரபணுக்களைத் தேடி ஓடும் என்று நினைப்போம். அதற்கு முன்னால் அவசர வேலைகள் இருக்கின்றன. உள்ளே அயனிச் செறிவு தாறுமாறாக ஏறியிருப்பதால், டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டிருந்த புரதங்கள் பலவும் பிடி நழுவி விழுந்துவிடுகின்றன. மரபணுவைப் படிக்கிற ஆட்களே இடத்தில் இல்லாதபோது எந்த மரபணுவை இயக்குவது? அதனால் சவ்வில் இருக்கும் அயனிக் கடத்திகளை ஹாக்1 முதலில் முடுக்கிவிட்டு, சோடியத்தை வெளியேற்ற வைக்கிறது. கூடவே கிளிசரால் என்ற சிறு மூலக்கூறு செல்லிலிருந்து வெளியேறும் கால்வாயும் மூடிக்கொள்கிறது.

கிளிசராலை ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்? வெளியே இருக்கும் உப்புக்கு ஈடாக உள்ளேயும் ஏதாவது கரைந்திருந்தால்தான் தண்ணீர் திரும்பி வரும். அதற்கு உப்பையே நிரப்பினால் புரதங்கள் கெட்டுவிடும். கிளிசரால் எவ்வளவு சேர்ந்தாலும் புரதங்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

அப்புறம்தான் மரபணுக்கள். சில நிமிடங்களுக்குள் ஹாக்1 பெருமளவில் உட்கருவுக்குள் போய்விடுகிறது. அங்கே அது செய்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்கோ1 என்ற புரதம் சாதாரண நாட்களில் சில மரபணுக்களின்மேல் உட்கார்ந்து அவற்றை இயங்கவிடாமல் தடுக்கும். ஹாக்1 அதற்குப் பாஸ்பேட் போட்டதும், அதே ஸ்கோ1, அதே இடத்தில் உட்கார்ந்தபடியே, அந்த மரபணுக்களை இயக்க ஆரம்பிக்கிறது. தடுத்த ஆளை விரட்டாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது! அதோடு ஹாக்1 தானும் அந்த மரபணுக்களின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, மரபணுவைப் படித்து ஆர்என்ஏ நகலெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸை வரவழைக்கிறது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருண்டைகளான நியூக்ளியோசோம்களை விலக்குகிற புரதக் கூட்டணியையும் கூட்டிவருகிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் இயக்கம் இப்படி ஏறுகிறது, அவற்றில் முக்கியமானது கிளிசரால் தயாரிக்க உதவும் ஜிபிடி1. புரதம் தயாரிக்கும் பட்டறையான ரைபோசோமைக் கட்டும் மரபணுக்களின் இயக்கம் இறங்குகிறது, செல் வளர்ச்சியைத் தற்காலிகமாக ஒத்திவைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிசரால் சேர்கிறது, தண்ணீர் திரும்புகிறது, செல் மறுபடி விறைக்கிறது, எஸ்எல்என்1 பாஸ்பேட் கைமாற்றத்தைத் தொடங்குகிறது. ஹாக்1 உட்கருவை விட்டு வெளியே வந்துவிடும். நாம் போட்ட உப்பு அளவுக்கு இதெல்லாம் ஏறக்குறைய அரை மணி நேரம்.

இப்போது மூன்று சோதனைகள். 2008-இல் ஹாக்1-ஐ உட்கருவுக்குள் போகவிடாமல் சவ்வோடு கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். மரபணுக்கள் பெரும்பாலும் எழவே இல்லை, ஆனாலும் செல்கள் பிழைத்தன, கிளிசராலையும் சேர்த்தன! ஏற்கெனவே கையிருப்பில் இருந்த நொதிகளை வைத்தே சமாளித்துவிட்டன. அப்படியே மறுபக்கம் பாருங்கள்: எஸ்எல்என்1 மரபணுவை நீக்கினால், ஹாக்1 நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், உப்பே போடாவிட்டாலும் செல் செத்துவிடும். கூடவே ஹாக்1-ஐயும் நீக்கினால் பிழைத்துக்கொள்கிறது. 2015-இல் இன்னொரு குழு, உப்பைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போடுவதும் எடுப்பதுமாக ஈஸ்ட்டைப் படுத்தி எடுத்தது. மிக வேகமாக மாற்றினாலும் மிக மெதுவாக மாற்றினாலும் பெரிய பாதிப்பில்லை, இடைப்பட்ட வேகத்தில் மட்டும் வளர்ச்சி படுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மரபணுக்களைப் படித்து இயக்கும் வேலை புதிதாகத் தொடங்கி, அது மேலும் மேலும் குவிந்துபோனதுதான் காரணம்.

அப்படியானால் மரபணு மாற்றம் வெறும் சம்பிரதாயமா? உப்பு வந்தால் உடனே போகாத இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நம் சிறுநீரகத்தின் உட்பகுதியைப் பாருங்கள். ரத்தத்தின் சவ்வூடு செறிவு, அதாவது அதில் கரைந்திருக்கும் துகள்களின் அளவு, கிலோவுக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல், அங்கே அது 1,200 வரை போகும், அங்குள்ள செல்களுக்கு அதுதான் அன்றாடம். அங்கே பொறுப்பு என்ஃபாட்5 என்ற புரதத்துடையது. குளுக்கோஸிலிருந்து சார்பிட்டால் செய்யும் நொதிக்கும், பீட்டைன், இனோசிட்டால், டாரின் ஆகியவற்றை உள்ளே இழுக்கும் கடத்திகளுக்கும் உரிய மரபணுக்களை இயக்குவது அதுதான்; ஈஸ்ட்டில் கிளிசரால் செய்த வேலையை இங்கே இவை செய்கின்றன. இது நிமிடக் கணக்கில் முடிகிற வேலையில்லை, மணிக்கணக்கில் நடக்கும். என்ஃபாட்5 இல்லாத எலிகள் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றன, தப்பிப் பிறந்தவற்றில் சிறுநீரகத்தின் அந்த உட்பகுதிதான் தேய்ந்து சிறுத்துப்போகிறது.