மானியக் காசிலேயே வடிகான் கட்ட ஏலாதா? வெள்ளவத்தை நேயரின் சந்தேகம்

அடுத்த கேள்வி வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறா. சுருக்கி வாசிக்கிறன். "எங்கட ஒழுங்கையில வடிகான் பழசு. ரெண்டு மணித்தியாலம் மழை அடிச்சா தண்ணி கேற்றுக்குள்ள வருது. அரசாங்க மானியம், வெளிநாட்டு உதவி எண்டு கொழும்புக்கு எவ்வளவோ வருது எண்டு நியூஸில சொல்லுறாங்கள். அந்தக் காசிலேயே இதைச் செய்யலாமே? பிறகேன் வீட்டுக்கெண்டு மாநகர சபைக்குக் கட்டுற சோலைவரி, பிறகேன் கடன்?"

அக்கா, முதல்ல அந்தத் தண்ணி போற பாதையைப் பாருங்கோ. உங்கட ஒழுங்கைக் கான் மாநகர சபையின்ர. அதைத் தாண்டினா காலி வீதி. அது ஏ2 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர பொறுப்பு. கடைசியாத் தண்ணி போய் விழுற கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின்ர. ஒரே தண்ணிக்கு மூண்டு சொந்தக்காரர், மூண்டு கணக்குப் புத்தகம். கால்வாய்க்கு எண்டு வந்த காசில உங்கட ஒழுங்கையில ஒரு கல்லும் வைக்கேலாது. மானியம் எப்பவும் பேர் எழுதித்தான் வரும்.

இப்ப அரசாங்கத்துக் காசு எப்பிடி இறங்குது எண்டு பார்ப்பம். மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு நிதி ஆணைக்குழு ஒண்டு இருக்கு. மாகாணங்களுக்கு எவ்வளவு குடுக்கலாம் எண்டு சிபாரிசு செய்யிறது அதுதான். மாகாணத்துக்கு வாறதில பெரும் பங்கு சம்பளத்துக்கே போயிடும், ஆசிரியர்மார், ஆஸ்பத்திரி ஆக்கள் எண்டு. மிச்சத்திலதான் அபிவிருத்தி.

வீடு, காணி கைமாறேக்க கட்டுற முத்திரை வரியும் மாகாணம் வழியாத்தான் சபைக்கு வருது. அதையும் சிலபேர் மானியம் எண்டு நினைக்கிறவை. அது மானியமே இல்லை. உங்கட பக்கத்தில ஒரு பிளட் மூண்டு கோடிக்குக் கைமாறுது எண்டு வையுங்கோ. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். கிட்டத்தட்டப் பன்னிரண்டு லட்சம் ரூபா. வாங்கினவர் கட்டின காசு சுத்தி வளைச்சு அதே ஊர்ச் சபைக்கு வருது, அவ்வளவுதான்.

இன்னொரு விசயம், கந்தோருக்குள்ள வேலை செய்தாக்களுக்குத்தான் இது விளங்கும். ஒதுக்கீடு வேற, கட்டுநிதி வேற. ஒதுக்கீடு கடதாசியில. கட்டுநிதி எண்டது திறைசேரி உண்மையா அனுப்புற காசு. ஜனவரியில ஒதுக்கீடு இருக்கும். கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டு, விலை பார்த்து, காசு கைக்கு வரேக்க செப்டெம்பர், ஒக்டோபர் ஆயிடும். டிசம்பர் 31ஓட கணக்கு மூடவேணும். அப்ப எப்ப கான் வெட்டுவினம்? ஒக்டோபர், நவம்பரில, அடை மழைக்குள்ள! ஒவ்வொரு வருசமும் தோண்டின கிடங்குக்குள்ள தண்ணி நிக்குதே எண்டு ஏசுறம். அதுக்குப் பின்னால இருக்கிறது இந்தக் கலண்டர்தான்.

எம்பிமாரின்ர பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் இருக்கு. சின்னத் தொகை. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடலாம், பேர்ப்பலகை வைக்கலாம். ஆனா கானுக்குச் சரிவு வேணும், சரிவு பார்க்கிறதெண்டா முழு வட்டாரத்தையும் சேர்த்துத்தான் பார்க்கவேணும். தனி ஒழுங்கையை மட்டும் உயர்த்தினா உங்கட வீட்டுத் தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். பிரச்சினை தீரேல்லை, ஆள்தான் மாறினது.

சரி, வெளிநாட்டுக் காசு. 2010 நவம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? பாராளுமன்றத்துக்குள்ளயே தண்ணி போனது. அதுக்குப் பிறகு 2012இல உலக வங்கி, பெருநகர் கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டத்துக்கு 21 கோடி 30 லட்சம் டொலர் குடுத்தது. கால்வாய் வேலை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்கா எல்லாம் அதிலதான். நிறையப்பேர் அதை உதவி எண்டு சொல்லுறவை. அது கடன். திருப்பிக் கட்டுறது திறைசேரி. ஊருக்குள்ள நிண்டு பார்த்தா சும்மா வந்த காசு மாதிரித் தெரியும், நாட்டுக்கு அது கடன். அக்கா, நீங்கள் சோலைவரியில கட்டாட்டியும் வற் வரியில கட்டுறீங்கள்.

எல்லாக் கடனும் ஒண்டில்லை, அதையும் சொல்லவேணும். மாலபேயில இருந்து கொழும்புக் கோட்டை வரைக்கும் இலகு ரயில் விட 2019இல ஜப்பான் கடன் தந்தது. வட்டி 0.1 வீதம், 40 வருசத் தவணை, முதல் 12 வருசம் வட்டியைத் தவிர எடுத்த கடன் காசைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. அதில பாதிக்கு மேல மானியம் மாதிரித்தான். ஆனா பிரதான ஒப்பந்தகாரர் ஜப்பான் கம்பனியா இருக்கவேணும் எண்ட நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. 2020 செப்டெம்பரில அரசாங்கம் திட்டத்தையே நிப்பாட்டிப் போட்டுது. அது பிழையான முடிவு எண்டுதான் நான் இன்றைக்கும் சொல்லுவன். பிறகு 2022 ஏப்ரல்ல நாடு வெளிக்கடன் கட்டுறதை நிப்பாட்ட, பாதியில நிண்ட மற்ற வேலைகளுக்கும் காசு நிண்டுது.

முழு மானியம், ஒரு சதமும் திருப்பிக் குடுக்கத் தேவையில்லை எண்டா? யாழ்ப்பாணத்தில இந்தியா கட்டித் தந்த கலாசார மண்டபத்தைப் பாருங்கோ. பதினொரு மாடி, நன்கொடை. கட்டி முடிஞ்ச பிறகு வந்த கேள்வி, இதை ஆர் நடத்திறது? கரண்ட் பில், லிப்ட், ஏசி, காவல், கூட்டித் துடைக்கிறது, இதெல்லாம் மாநகர சபையின்ர வருமானத்தில ஏலுமோ எண்டு பெரிய கதை நடந்தது. கட்டடம் தருவினம், கரண்ட் பில் தரமாட்டினம். கானும் அப்பிடித்தான். கட்டினாப் போதாது, வருசம் ரெண்டு தரமாவது மண் அள்ளவேணும். மண் அள்ள ஒருத்தரும் நன்கொடை தரமாட்டினம், திறந்து வைக்க நாடா வெட்டுற வேலை இல்லையே அது. அந்தக் காசு சோலைவரியில இருந்துதான் வரவேணும்.

ஆனாலும் அக்கா கேட்டதில ஒரு நியாயம் இருக்கு. சந்தைக் கட்டடம் கட்டினா வாடகை வரும், கடன் எடுத்துக் கட்டலாம். குழாய்த் தண்ணிக்கு பில் வரும். மழைத்தண்ணிக்கு ஆர் பில் அடிக்கிறது? வருமானமே இல்லாத வேலைக்குத்தான் மானியத்தை வைக்கவேணும். கொழும்பில தோட்டம் எண்டு சொல்லுற நெருக்கமான குடியிருப்பு வீடுகளுக்கு மலசலகூட இணைப்பு, வடிகான், அதுக்கு முதல் செய்யிற அளவைப் படம். என்னைக் கேட்டா அந்தப் படத்துக்குத்தான் முதல் மானியம் போகவேணும். படம் கையில இல்லாத சபை, காசு வந்தாலும் டிசம்பருக்கு முதல் செலவழிக்கேலாமல் நிக்கும்.

இப்ப நீங்கள் செய்யக்கூடியது. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தில ஒரு விண்ணப்பம் போடுங்கோ. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். மூண்டே கேள்வி. எங்கட ஒழுங்கைக் கானுக்கு அளவைப் படம் இருக்கா? இந்த வருச வரவு செலவுத்திட்டத்தில ஒதுக்கீடு இருக்கா? இருந்தா, எவ்வளவு காசு உண்மையா வந்தது? மூண்டாவதைக் கட்டாயம் கேளுங்கோ. ஒழுங்கையில ஏழெட்டு வீட்டாக்கள் சேர்ந்து கையெழுத்து வைச்சு, வட்டார உறுப்பினருக்கும் ஒரு கொப்பி குடுங்கோ. நவம்பருக்கு முதல் குடுங்கோ, அதுக்குப் பிறகு குடுத்தா வரவு செலவுத்திட்டம் எழுதி முடிச்சிருப்பினம்.

சோலைவரியை ஜனவரி 31க்கு முதல் முழு வருசத்துக்கும் கட்டினா 10 வீதம் கழிவு இருக்கு. கனபேர் அதை விட்டுடுறவை. சரி, அடுத்த கேள்வி தெமட்டகொடையில இருந்து ஒரு தம்பி...