ஊருக்கு இரண்டு எடைக்கல்

(ஜவ்வாது மலையில் அங்கன்வாடிப் பணியாளர், பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, போளூரிலிருந்து இத்தனை வளைவு ஏறி வந்திருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அம்மா அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, உண்டு உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருக்கும் ஊர்க்கவுண்டர் ஐயா அவர்களே, சாமை அறுப்பைப் பாதியில் விட்டு வந்த தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஒரு படி சாமையரிசி கொடுத்தீர்கள். அதுதான் எனக்கு மரியாதை.

எடை, வயிற்றுப்போக்கு, படிப்பு என்று மூன்றைப் பேசச் சொன்னார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மலையூரில் நடந்ததாகச் சொல்வார்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் எல்லாக் குழந்தையும் பச்சை, அதாவது சரியான எடை. எடை குறைந்த மஞ்சளும் இல்லை, மிகக் குறைந்த சிவப்பும் இல்லை. ரேஷனில் 2 கிலோ சர்க்கரை வாங்கித் திரும்பிய ஒரு பாட்டி, எடை சரிதானா பார்க்கலாமென்று அந்தத் தொங்கு தராசின் தூளியில் பையை வைத்தாராம். முள் 2 கிலோ 300 கிராமில் நின்றது. "பாட்டி, கடைக்காரர் கூட்டிப் போட்டுட்டார்!" என்று பணியாளருக்குச் சந்தோஷம். பாட்டி சிரித்தாராம்: "நாப்பது வருசமா ரேசன் வாங்குறேன். கொறச்சுப் போட்டுப் பாத்திருக்கேன், கூட்டிப் போட்டுப் பாத்ததில்ல. பொய் சொல்றது உன் தராசு, கண்ணு."

வெறும் தூளியின் எடை 300 கிராம். அதைத் தொங்கவிட்ட பிறகு திருகைத் திருப்பி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர மறந்திருந்தார்கள். அடுத்த மாதம் திருத்தினார்கள். ஒரே மாதத்தில் ஊர்க் குழந்தைகள் எல்லாம் இளைத்துப்போயின! கண்ணு பட்டதென்று வீட்டுக்கு வீடு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்களாம்.

சிரிக்கிறீர்கள். ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு 7 கிலோ என்பது எல்லைக்கோடு. 6 கிலோ 800 இருப்பவளை அந்தத் தராசு 7 கிலோ 100 என்று காட்டும். மஞ்சளில் இருக்க வேண்டியவள் பச்சையில் ஒளிந்துகொள்வாள். யாரும் அவளைத் தேடி வரமாட்டார்கள்.

இன்னொன்று: சுழியத்தில் ஒழுங்காக நிற்கும் முள்ளும் பாரம் ஏறியதும் பொய் சொல்லும். காரணம், சுருள்வில் தளர்ந்திருக்கும். அரிசிப் பையைத் தொங்கவிட்டே கெடுத்த தராசுகள் உண்டு. அதனால்தான் போகிற ஊரெல்லாம் கேட்கிறேன்: மையத்துக்கு இரண்டு எடைக்கல், முத்திரையிட்டது, ஒவ்வொன்றும் 5 கிலோ. மாதம் ஒருமுறை எடை போடும் நாளன்று முதலில் ஒரு கல், பிறகு இரண்டும். 5, 10 என்று காட்டினால் குழந்தையை ஏற்றுங்கள். 100 கிராம் தள்ளினாலும் எழுதி அனுப்புங்கள். மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரோடு ஏற்றாதீர்கள். தராசு கண்மட்டத்தில் தொங்கட்டும். அண்ணாந்து பார்த்தால் முள் இடம் மாறித் தெரியும். தக்காளி விற்கிற தராசுக்கு முத்திரை கேட்கிறோமே, பிள்ளையை நிறுக்கிற தராசுக்குக் கேட்டோமா?

வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் முழுவதும் 1 லிட்டர் ஆறிய வெந்நீரில். பாதியைப் பிரித்து டம்ளரில் கலக்கக் கூடாது. மீந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள். மூன்றாம் நாள் நின்றுவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கிற தவறு.

படிப்பு... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தலைமையாசிரியர் மன்னிக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால் அது ஒன்றாம் வகுப்பில்தான் பிள்ளையைப் பிடிக்கிறது. அதற்கு முந்தைய ஐந்து வருஷமும் பிள்ளை இந்தத் தராசின் கையில். சுவர் அங்கே எழும்பாவிட்டால் ஆசிரியர் எதன்மேல் சித்திரம் எழுதுவார்?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. அதே தேதியில்தான் வருஷாவருஷம் கிராமசபையும் கூடுகிறது. எடைக்கல்லுக்கு அன்றைக்கு ஒரு தீர்மானம் போடுங்கள். வாசகம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த உத்தரத்தில் தொங்குவது உங்கள் மையத்துத் தராசுதான். கல் மேசைமேல் இருக்கிறது. ஊர்க்கவுண்டர் ஐயா, முதல் கல்லை நீங்களே எடுத்து வையுங்கள்.